"ஏதாவது பிரச்சனை இருக்கா?" என்று கேட்டால் யாரும் வாய் திறப்பதில்லை. கேள்வியை எப்படி மாற்றுவது?

மூன்றாம்ஷிப்ட்:

எல்லோருக்கும் வணக்கம். கோவைப் பக்கம் பம்ப் உதிரிபாகம் கடையும் சிஎன்சி (கணினி இயக்கும் மெஷின்) யூனிட். ஆபரேட்டராக இருந்த என்னை லைன் இன்சார்ஜ் ஆக்கியிருக்கிறார்கள். எனக்குக் கீழே பதினொரு பேர். அதில் நான்கு பேர் ஒடிசாவிலிருந்து வந்தவர்கள். ஒருவர் என்னைவிட வயதிலும் அனுபவத்திலும் மூத்த செட்டர், அதாவது வேலைக்கு மெஷினைத் தயார் செய்பவர்.

ஷிப்ட் ஆரம்பத்தில் பத்து நிமிஷம் நின்றபடியே மீட்டிங். "ஏதாவது பிரச்சனை இருக்கா?" என்று கேட்பேன். "இல்லைங்க" என்று எல்லோரும் சொல்வார்கள். ஒரு மணி நேரம் கழித்து போர் (கடைந்த துளை) ஓவர்சைஸ் என்று குவாலிட்டியிலிருந்து ஆள் வருவார். "ஏன் முன்னாடியே சொல்லலை?" என்று கேட்டால் தலை குனிந்து நிற்பார்கள், இல்லையென்றால் மெட்டீரியல் சரியில்லை என்பார்கள்.

தெரிந்துகொள்ள வேண்டியது நான்கு:

மீட்டிங்கில் என்ன கேட்கலாம்? ரிஜெக்‌ஷன் வந்த பிறகு எப்படி விசாரித்தால் உள்ளது வெளியே வரும்? மூத்தவரிடம் மரியாதை குறையாமல் எப்படிக் கேட்பது? இந்த வேலையில் நான் வளர்கிறேனா என்று எனக்கு நானே எதைக் கேட்டுப் பார்ப்பது?

"உன் கனவு என்ன" மாதிரி வீடியோக் கேள்விகள் வேண்டாம். ஷாப்பில் அதைக் கேட்டால் சிரிப்பார்கள்.

---

கடைசல்பட்டறை:

தம்பி, "பிரச்சனை இருக்கா"ங்கிற கேள்விக்கு "இருக்கு"ன்னு சொல்றவனுக்கு என்ன கிடைக்கும்னு யோசிச்சுப் பாருங்க. பத்துப் பேர் முன்னாடி அவன் மெஷின் பேரு அடிபடும், மீட்டிங் நீளும், "நீ என்ன பண்ணிட்டிருந்தே"ன்னு அடுத்த கேள்வி வரும். "இல்லை"ன்னு சொன்னா எதுவுமே ஆகாது. அதனால "இல்லை"தான் வரும். இதுல ஆளுங்க குத்தம் எதுவும் இல்லைங்க.

மீட்டிங்ல கேக்கற கேள்வி, பிரச்சனை எங்கியோ இருக்குன்னு வெச்சுக்கிட்டே தொடங்கணும். ஆமா, இல்லைன்னு ஒரே வார்த்தையில முடிக்க வழி இருக்கக் கூடாது. நேத்து நடந்த வேலையைத் தொட்டுக் கேக்கணும். (ஆஃப்செட்னா சைஸைச் சரிக்கட்ட மெஷின்ல போடற திருத்தம், இன்செர்ட்னா வெட்டற முனைத் துண்டு.) இப்படி:

"நேத்து எந்த மெஷின்ல ஆஃப்செட் அதிக தடவை போட வேண்டி வந்துச்சு?"
"எந்த இன்செர்ட் கணக்குக்கு முன்னாடியே போச்சு?"
"எதை அளக்கும்போது ரெண்டாவது தடவை அளந்து பாத்தீங்க?"

கடைசிக் கேள்விதான் என் பார்வையில ரொம்ப நல்ல கேள்வி. ஒருத்தன் ரெண்டாவது தடவை அளந்தான்னா அவனுக்கே சந்தேகம் வந்திருக்குன்னு அர்த்தம். ரிஜெக்‌ஷன் ஆகறதுக்கு முன்னாடி நிக்கிற இடம் அதுதான். அதைச் சொல்றதுல அவனுக்கு அவமானமும் இல்லை, ஜாக்கிரதையா இருந்தான்னு பேருதான் வரும்.

ஒரு மீட்டிங்குக்கு ஒரு கேள்வி போதும். மூணையும் சேத்துக் கேட்டா சுலபமானதுக்கு மட்டும் பதில் சொல்லிட்டுத் தப்பிச்சுக்குவாங்க. திங்கக்கிழமை ஒண்ணு, செவ்வாய்க்கிழமை வேறன்னு மாத்திக்கிட்டே இருங்க. ஒரே கேள்வி தினமும் வந்தா அதுக்கும் மனப்பாடப் பதில் வந்துரும்.

அடுத்து இடம். வட்டமா நிக்க வெச்சுக் கேட்டா கிடைக்காதது மெஷின் பக்கத்துல நின்னு கேட்டா கிடைக்கும். மீட்டிங்கை அஞ்சு நிமிஷமாக் குறைங்க. மிச்ச அஞ்சு நிமிஷத்துல ரெண்டு மெஷினுக்குப் போங்க. மெஷின் சைக்கிள் ஓடும்போது, அதாவது அது தானா வெட்டிக்கிட்டிருக்கும்போது, கேளுங்க. பீஸ் மாத்தற நேரத்துல கேட்டா அவன் கவனம் சிதறும், சக்குல பீஸ் சரியா உக்காராம அதுவே புது ரிஜெக்‌ஷன் ஆகும்.

ஒடிசாப் பசங்களைப் பத்தி. "புரிஞ்சுதா?"ன்னு மட்டும் கேக்காதீங்க. தலையாட்டுவாங்க, அதுக்கு ஒரு அர்த்தமும் கிடையாது. பீஸைக் கையில குடுத்து, மார்க்கர் பேனாவையும் குடுத்து, "எந்த சைஸ் தொந்தரவு குடுக்குது, வட்டம் போடு"ன்னு சொல்லுங்க. போர் கேஜ்ல எங்க வெச்சு அளக்கறான்னு காட்டச் சொல்லுங்க. வாயில வராதது கையில வரும்.

இப்ப ரிஜெக்‌ஷன் விசாரணை. "ஏன் சொல்லலை", "ஏன் இப்படிப் பண்ணினே" ரெண்டும் ஆளைப் பாத்துக் கேக்கற "ஏன்". அதுக்குச் சாக்குதான் பதிலா வரும். ஆளைப் பாத்துக் கேக்கும்போது "எப்ப", "எது", "எப்படி" மட்டும் போதும். "கடைசியா சைஸ் சரியா வந்தது எந்த பீஸ்?" "அதுக்கும் இதுக்கும் நடுவுல மெஷின்ல என்ன மாறுச்சு?" இந்த ரெண்டுலயே பாதி வேலை முடிஞ்சுரும். "ஏன்"ங்கிறதைப் பொருளைப் பாத்து, மெஷினைப் பாத்து, பேப்பரைப் பாத்துக் கேளுங்க.

டொயோட்டாவுல தைஇச்சி ஓனோ சொன்ன "அஞ்சு ஏன்" உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். மெஷின் ஏன் நின்னுச்சு, லோடு கூடி ஃப்யூஸ் போச்சு. ஏன் லோடு கூடுச்சு, பேரிங்குக்கு ஆயில் பத்தலை. ஏன் பத்தலை, ஆயில் பம்ப் சரியா இழுக்கலை. ஏன், பம்ப் ஷாஃப்ட் தேஞ்சு போச்சு. ஏன் தேஞ்சுச்சு, வடிகட்டி இல்லாததால இரும்புத்தூள் உள்ள போச்சு. ஃப்யூஸ் மாத்தறதோட நிறுத்தியிருந்தா அது மறுபடியும் போயிருக்கும்.

உங்க லைனுக்கு ஒண்ணு போட்டுக் காட்டறேன். 52 மிமீ எச்7 போர்னு வெச்சுக்குங்க. 52.000-ல இருந்து 52.030 மிமீ வரைக்கும் வரலாம், 30 மைக்ரான்தான் (ஒரு மைக்ரான் மிமீல ஆயிரத்துல ஒரு பங்கு) இடம். ஓவர்சைஸ் ஆயிருச்சு.

ஏன்? இன்செர்ட் தேயத் தேய போர் சின்னதா வரும், ஆபரேட்டர் ஆஃப்செட் ஏத்திக்கிட்டே போயிருக்காரு. புது முனை மாத்தினப்ப ஏத்தின ஆஃப்செட்டை எடுக்கலை.
ஏன் எடுக்கலை? ஏத்தினது போன ஷிப்ட்டுக்காரர், முனை மாத்தினது இந்த ஷிப்ட்டுக்காரர். எவ்வளவு ஏத்தியிருக்குன்னு இவருக்குத் தெரியாது.
ஏன் தெரியலை? டூல் மாத்தற ஷீட்டுல நேரமும் இன்செர்ட் கிரேடும் எழுதத்தான் கட்டம் இருக்கு. ஆஃப்செட்டுக்கு இல்லை.
ஏன் இல்லை? அந்த ஷீட்டு ஸ்டோர்ஸ்காரங்க இன்செர்ட் செலவு கணக்குக்காகப் போட்டது.

நாலு "ஏன்"ல முடிஞ்சுருச்சு. அஞ்சு வரைக்கும் போயே ஆகணும்னு இல்லை. ஷீட்டுல ஒரு கட்டம் சேத்தா இந்த வழி அடைஞ்சுரும். ரெண்டாவது "ஏன்"லயே "ஆபரேட்டர் கவனக்குறைவு"ன்னு எழுதியிருந்தா அந்த ஆளுக்கு ஒரு மெமோ, அடுத்த வாரம் வேற ஆள்கிட்ட அதே ஓவர்சைஸ். பதில்ல ஆள் பேரோ "கவனக்குறைவு"ங்கிற வார்த்தையோ வந்தா விசாரணை முடியலைன்னு எடுத்துக்குங்க.

இது கெட்டுப்போற இடம் இன்னும் ரெண்டு இருக்கு. ஒண்ணு, ஆபீஸ்ல உக்காந்து அஞ்சு "ஏன்"னையும் யோசிச்சு எழுதறது. ஒவ்வொரு பதிலையும் மெஷினுக்குப் போயி பாத்த பிறகுதான் அடுத்த "ஏன்". எழுதினதைக் கீழேயிருந்து மேலே "அதனால"ன்னு சேத்துப் படிச்சுப் பாருங்க. எங்கியாவது இடறுச்சுன்னா அங்க ஊகம் பண்ணியிருக்கீங்க. ரெண்டாவது, ஒரே சங்கிலியோட நிறுத்தறது. "ஏன் வந்துச்சு" ஒரு சங்கிலி. "ஏன் முதல் பீஸ்லயே பிடிபடலை" தனிச் சங்கிலி. அதைப் பிடிச்சுக்கிட்டுப் போனா, முதல் பீஸ் செக்கிங் ஷிப்ட் ஆரம்பத்துல மட்டும்தான் நடக்குது, முனை மாத்தினதுக்கப்புறம் நடக்கறதில்லைன்னு வெளிய வரும். அதைச் சரி பண்ணாம விட்டா அடுத்த தப்பும் டப்பா நிறைஞ்ச பிறகுதான் தெரியும்.

அளக்கறதைப் பத்தியும் ஒரு கேள்வி: "அளக்கும்போது பீஸ் கையில சூடா இருந்துச்சா?" 52 மிமீ வார்ப்பிரும்பு 20 டிகிரி கூடினா ஏறக்குறைய 11 மைக்ரான் விரியும். 30 மைக்ரான்ல மூணுல ஒரு பங்கு அதுலயே போயிருச்சு. சூட்டுல அளந்து சரின்னு விட்டது ஆறின பிறகு அண்டர்சைஸ் ஆகும். இதை யாரும் தானா வந்து சொல்ல மாட்டாங்க. கேட்டாத்தான் உண்டு.

---

இலக்கணப்பலகை:

மேலே உள்ளவர் சொன்னதோடு எனக்கு உடன்பாடு. வகுப்பறைப் பக்கத்திலிருந்து கொஞ்சம் சேர்க்கிறேன்.

பத்தாம் வகுப்பில் வினா விடை வகைகளை மதிப்பெண்ணுக்காகப் படித்துவிட்டு மறந்திருப்பீர்கள். நன்னூல் வினாவை ஆறாகப் பிரிக்கிறது: அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா. ஒரு நாள் நீங்கள் கேட்ட கேள்விகளை மாலையில் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றும் இவற்றில் எது என்று பக்கத்தில் குறித்துப் பாருங்கள்.

அறிவினா என்பது விடை தெரிந்துகொண்டே கேட்பது. ஆசிரியர் மாணவனைச் சோதிக்கக் கேட்பது போன்றது. பயிற்சியில் இருக்கும் புதுப் பையனிடம் கேட்கலாம். மூத்த செட்டரிடம் கேட்டால் அவமதிப்பு. "இந்த மெட்டீரியலுக்கு எந்த இன்செர்ட் போடணும்னு தெரியுமா?" என்று அவரைக் கேட்டீர்களானால் அன்றோடு பேச்சு நின்றது. அவரிடம் அறியா வினாதான் செல்லும். உண்மையிலேயே உங்களுக்குத் தெரியாத ஒன்றை எடுத்துப் போங்கள்: "அண்ணே, இந்த வேலைக்கு ஜா போர் பண்ணும்போது எதைப் பாத்து நிறுத்துறீங்க?" (பீஸைப் பிடிக்கும் தாடையைக் கடைவதுதான் ஜா போர்.) தெரியாதது போல நடித்துக் கேட்டால் அவருக்கு உடனே தெரிந்துவிடும்.

ஏவல் வினா என்பது கேள்வி உருவில் வரும் கட்டளை. "கூலண்ட் செக் பண்ணினியா?" என்பதற்குப் "போய் செக் பண்ணு" என்று பொருள். இது குற்றமில்லை. ஆனால் நாள் முழுக்க இதையே கேட்டுவிட்டு "நான் எல்லாரையும் கேட்டுத்தான் செய்கிறேன்" என்று நினைத்துக்கொள்வது குற்றம். கட்டளையென்றால் கட்டளையாகவே சொல்லிவிடுங்கள். அப்போதுதான் நீங்கள் உண்மையாகக் கேட்கும்போது அது கேள்வியாகக் காதில் விழும்.

ஐய வினாவில் ஒரு கண்ணி இருக்கிறது. "இது டூல் தேய்மானமா, காஸ்டிங் கெட்டியா?" என்று இரண்டை நீட்டினால் எதிரில் இருப்பவர் இரண்டில் ஒன்றை எடுத்துக்கொடுப்பார். உண்மை மூன்றாவதாக இருந்தால் அது அங்கேயே புதைந்துபோகும். முதலில் திறந்த கேள்வி, பிறகு இரண்டில் ஒன்று. இந்த வரிசை மாறக்கூடாது.

கொடை வினா, கொடுப்பதற்காகக் கேட்பது. இதைத்தான் பெரும்பாலான மேற்பார்வையாளர்கள் கேட்பதே இல்லை. "உங்க மெஷினுக்கு எது வந்தா இந்த வேலை சுலபமாகும்?" என்று கேட்கலாம். கேட்டுவிட்டுக் கொடுக்காமல் விட்டால், கேட்காமல் இருப்பதைவிடக் கெடுதல்.

விடையை நன்னூல் எட்டாகப் பிரிக்கிறது. உங்கள் சிக்கலுக்கு இதுதான் கூடுதல் பயன். சுட்டு, மறை, நேர் என்ற மூன்றும் நேரடி விடைகள். மீதி ஐந்தும் சுற்றி வரும் விடைகள். நம்மவர்கள் மேலாளிடம் "முடியாது" என்று மறுப்பதே இல்லை, இந்த ஐந்தில் ஒன்றைச் சொல்கிறார்கள். "இன்னைக்கு 200 பீஸ் முடியுமா?" என்று கேட்டுப் பாருங்கள்.

"ஸ்பிண்டில் காலையிலேயே சூடாகுதுங்க." இது உற்றது உரைத்தல்.
"வேகம் கூட்டினா இன்செர்ட் உடைஞ்சுரும்ங்க." உறுவது கூறல்.
"அந்தச் சின்ன பீஸ்னா 200 போட்டுரலாம்ங்க." இனமொழி.
"நீங்க சொல்லி முடியாம போகுமாங்க?" வினா எதிர் வினாதல்.
"ராத்திரி ஷிப்ட்டுக்கு மிச்சத்தைக் குடுத்துருங்க." ஏவல்.

நான்காவதைத் தவிர மற்றவை எல்லாம் "முடியாது" என்றுதான் சொல்கின்றன, காரணத்தையும் சேர்த்தே சொல்கின்றன. நான்காவது "முடியும்" போலக் காதில் விழும், அதுதான் ஆபத்தானது. இப்படிப்பட்ட விடை வந்தால் "முடியுமா முடியாதா, ஒரே வார்த்தையில சொல்லு" என்று நெருக்காதீர்கள். நெருக்கினால் "முடியும்" என்ற பொய்தான் வரும். "அப்ப எத்தனை வரும்?" என்று எண்ணிக்கைக்குப் போங்கள். 140 என்று சொல்வதில் யாருக்கும் வெட்கம் இல்லை.

காத்திருக்கும் நேரம் பற்றியும் ஒன்று. மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளை ஆராய்ந்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு ஒரு நொடிகூடக் காத்திருப்பதில்லை. மூன்று நொடி காத்திருந்தாலே விடைகள் நீள்கின்றன, "தெரியாது" குறைகிறது, தானாகப் பேசும் பிள்ளைகள் கூடுகிறார்கள். பதில் வந்த பிறகும் மூன்று நொடி காத்திருக்க வேண்டும் என்பது அதன் இரண்டாம் பாதி. அதை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். முக்கியமானது பெரும்பாலும் அந்த இரண்டாவது மௌனத்துக்குப் பிறகுதான் வருகிறது. மெஷின் சத்தத்தில் மௌனம் அவ்வளவு சங்கடமாக இருக்காது, உங்களுக்கு வசதிதான்.

---

வார்டுபதிவேடு:

மருத்துவமனை வார்டு இன்சார்ஜ் வேலையில் இருப்பவர்களுக்கும் இதே தலைவலிதான், அதனால் எழுதுகிறேன்.

டிஸ்சார்ஜ் ஆகும் நோயாளியிடம் "சந்தேகம் ஏதாவது இருக்காம்மா?" என்று கேட்டால் "இல்லம்மா" என்பார். வீட்டுக்குப் போய் இரண்டு வேளை மாத்திரையை ஒரே வேளையில் போடுவார். அதனால் அந்தக் கேள்விக்குப் பதிலாக, "நான் சரியாச் சொன்னேனான்னு பாக்கணும். வீட்டுக்குப் போனதும் எந்த மாத்திரையை எப்பக் குடுப்பீங்க, எனக்குச் சொல்லிக் காட்டுங்க" என்று கேட்கச் சொல்லித்தருகிறார்கள். தவறு நேர்ந்தால் அது சொன்னவரின் தவறு, காதில் வாங்கியவரின் தவறல்ல என்ற அமைப்பு அந்த வாக்கியத்திலேயே இருக்கிறது. நீங்களும் வேலை சொன்ன பிறகு "புரிஞ்சுதா"வை எடுத்துவிட்டு "முதல்ல என்ன பண்ணப்போறீங்க?" என்று கேளுங்கள். முதல் படி தப்பாக வந்தால் உங்கள் விளக்கத்தை மாற்றுங்கள்.

ஷிப்ட் ஒப்படைப்பு உங்களுக்கு முக்கியம் என்று தோன்றுகிறது. ஆஃப்செட் கதையே ஒப்படைப்பில் விழுந்த ஓட்டைதானே. போகிறவர் சொல்வதைக் கேட்டுக்கொள்வதோடு, வருகிறவர் மூன்று கேள்வி கேட்டே ஆக வேண்டும் என்று வையுங்கள்: "வழக்கத்துக்கு மாறா என்ன நடந்துச்சு? பாதியில நிக்கறது என்ன? அடுத்த ரெண்டு மணி நேரத்துல நான் எதைக் கண்ணுல வெச்சிருக்கணும்?" இது மெஷின் பக்கத்தில், இரண்டு பேரும் சேர்ந்து திரையைப் பார்த்தபடி நடக்க வேண்டும். கேட்டில் வண்டியை எடுத்துக்கொண்டே சொல்வது ஒப்படைப்பு ஆகாது.

---

நேர்ப்பேச்சு:

எல்லாம் சரி. ஆனா கேள்வி கேக்கறதே பெரிய தலைமைக் குணம்னு ஆயிட்டா அதுவும் தொல்லைதான். கை மாட்டற மாதிரி வேலை நடக்குதுன்னா கேள்வி கிடையாது, "நிறுத்து" மட்டும்தான். நீங்க ஏற்கெனவே முடிவெடுத்துட்ட விஷயத்துல "என்ன நினைக்கிறீங்க?"ன்னு கேக்காதீங்க. ஒரு தடவை அப்படிக் கேட்டு அவங்க சொன்னதை விட்டுட்டு உங்க முடிவையே போட்டா, அதுக்கப்புறம் நீங்க நிஜமாக் கேக்கும்போதும் "உங்க இஷ்டம் சார்"தான். "முடிவாயிருச்சு. எப்படிச் செய்யறதுங்கறதுல உங்க யோசனை வேணும்"னு பிரிச்சுச் சொல்லுங்க.

கேள்வியோட அமைப்பு எவ்வளவு தூரம் கொண்டுபோகும்ங்கறதுக்கு சேலஞ்சர் விண்வெளி ஓடம் போதும். 1986 ஜனவரி 28 அன்னைக்குக் கிளம்பி 73 நொடியில சிதறி ஏழு பேர் இறந்தாங்க. முந்தின நாள் ராத்திரி தொலைபேசிக் கூட்டத்துல, பூஸ்டர் ராக்கெட் செஞ்ச மார்ட்டன் தியோக்கால் கம்பெனிப் பொறியாளர்கள், 53 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே, அதாவது ஏறக்குறைய 12 செல்சியஸுக்குக் கீழே, ஏவ வேண்டாம்னு சொன்னாங்க. பூஸ்டர் இணைப்புல இருக்கற ரப்பர் வளையம் குளிர்ல விறைச்சு இடைவெளியை மூடாதுங்கற பயம். வழக்கமா அந்த மாதிரிக் கூட்டத்துல "பறக்கறது பாதுகாப்புன்னு காட்ட முடியுமா?"ன்னுதான் கேட்பாங்க. அன்னைக்குக் கேள்வி தலைகீழாயிருச்சு, "பாதுகாப்பு இல்லைன்னு நிரூபிக்க முடியுமா?"ன்னு. அந்தக் குளிர்ல ஏவின தரவே இல்லாதப்ப யாராலயும் நிரூபிக்க முடியலை. தியோக்கால் நிர்வாகம் பரிந்துரையை மாத்தி, ஏவலாம்னு சொல்லிருச்சு.

உங்க லைன்ல இதோட சின்ன வடிவம் தினமும் நடக்கும். சந்தேகமான ஒரு டப்பாவைக் காட்டி ஒருத்தன் "இது சரியில்லைன்னு தோணுதுங்க"ன்னா "என்ன சரியில்லை, அளந்து காட்டு"ன்னு கேக்காதீங்க. "இது சரின்னு எதை வெச்சுச் சொல்லலாம்?"னு கேளுங்க. சரின்னு காட்ட முடியாத டப்பா தனியா நிக்கட்டும். நிரூபிக்கிற பாரத்தைப் பயந்தவன் தலையில ஏத்தாதீங்க.

புது பார்ட் ஓட ஆரம்பிக்கும்போது "எல்லாம் ரெடியா?"ன்னும் கேக்காதீங்க. கேரி க்ளைன்ங்கற உளவியலாளர் சொன்ன முறை ஒண்ணு இருக்கு. "ஒரு மாசம் கழிச்சு இந்த பார்ட் மொத்தமும் திரும்பி வந்துருச்சுன்னு வெச்சுக்குவோம். என்ன ஆயிருக்கும்?" ஆளுக்கு ஒரு துண்டுப் பேப்பர், மூணு நிமிஷம், பேசாம எழுதணும். எழுத வராதவங்க பக்கத்துல இருக்கறவர்கிட்டச் சொல்லலாம். அப்புறம் ஆளுக்கு ஒண்ணு படிக்கணும், சின்னவங்கள்ல இருந்து ஆரம்பிச்சு. நீங்க கடைசி. "ஆகுமா"ன்னு கேட்டா அபசகுனமாப் பேசறானேன்னு பாப்பாங்க. "ஆயிருச்சு, ஏன்"னு கேட்டா கண்டுபிடிக்கறது கெட்டிக்காரத்தனம் ஆயிரும்.

கடைசியா, நீங்க கேட்டு வந்த பதிலுக்கு என்ன ஆச்சுன்னு ஒரு போர்டு வையுங்க. சொன்னது, யார் பாக்கறாங்க, எந்தத் தேதி. முடியாதுன்னா "முடியாது, காரணம் இது"ன்னு அதே போர்டுல எழுதுங்க. பதில் தெரியாம தொங்கறதுதான் ஆளுங்க வாயை மூட வைக்கும், "முடியாது"ங்கற பதில் இல்லை.

---

ஞாயிறுநோட்டு:

நான்காவது கேள்வியை யாரும் தொடவில்லை, அதனால் அதை மட்டும்.

"எனக்கு ஏன் இப்படியே நடக்குது", "நான் நல்ல லீடரா" இரண்டும் இரவு தூக்கத்தைக் கெடுக்கும் கேள்விகள். பதில் வராது, வந்தாலும் சரிபார்க்க வழியில்லை. தன்னைக் கேட்கும் கேள்வியும் ஷாப்பில் கேட்கும் கேள்வி மாதிரிதான். நடந்த ஒன்றைத் தொட வேண்டும், பதிலைச் சோதித்துப் பார்க்க முடிய வேண்டும்.

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். முக்கியமான முடிவு எடுக்கும்போது, எடுத்த அன்றே ஐந்து வரி: என்ன முடிவு. வேறு என்ன வழி இருந்தது. என்ன நடக்கும் என்று எதிர்பார்க்கிறேன், எண்ணிக்கையோடு. எவ்வளவு நிச்சயம், பத்துக்கு எத்தனை. எந்தத் தேதியில் திரும்பிப் பார்ப்பேன். "முருகேசனை நாலாம் மெஷினுக்கு மாத்துறேன், மூணு வாரத்துல ரீவொர்க் பாதியாகும், நிச்சயம் பத்துக்கு ஏழு" என்கிற மாதிரி. முடிவு தெரிந்த பிறகு எழுதினால் பயனில்லை, நமக்கு அப்போதே தெரிந்திருந்தது போல மனசு மாற்றிவிடும். பத்து முடிவு சேர்ந்ததும் "எட்டு, ஒன்பது" என்று போட்டவற்றில் எத்தனை பலித்தது என்று எண்ணுங்கள். எந்த வகை முடிவில் கூடுதலாக நம்புகிறீர்கள் என்று அதில் தெரியும். புதியவர்களுக்கு ஆளை எடைபோடுவதில்தான் பொதுவாக உதைக்கும், மெஷின் விஷயத்தில் அல்ல.

வாரக் கடைசியில் அமெரிக்க ராணுவம் பயிற்சிக்குப் பின் பயன்படுத்தும் நான்கு கேள்விகள் போதும்: என்ன நடக்க வேண்டியிருந்தது, என்ன நடந்தது, ஏன் வித்தியாசம், அடுத்த தடவை எதை வைத்துக்கொள்வது எதை மாற்றுவது. முதல் கேள்வியைத் தாண்டிக் குதிக்காதீர்கள். என்ன நடக்க வேண்டும் என்பதே ஆளுக்கு ஆள் வேறாக இருந்தது என்று பல வாரம் அங்கேயே தெரிந்துவிடும்.

உங்களைப் பற்றி மற்றவர்களிடம் கேட்க வேண்டுமென்றால் "நான் எப்படி நடத்துறேன்?" வேண்டாம். "நல்லாத்தான் நடத்துறீங்க" என்பதைத் தவிர வேறு பதில் அதற்குக் கிடையாது. "அடுத்த வாரம் மீட்டிங்ல நான் ஒண்ணே ஒண்ணு மாத்தணும்னா எதை மாத்தலாம்?" ஒன்று மட்டும், அடுத்த வாரத்துக்கு மட்டும். பதில் வந்ததும் விளக்கம் சொல்லாதீர்கள், "சரிங்க, பாக்கறேன்" போதும். அடுத்த வாரம் அதை மாற்றிக் காட்டுங்கள். மாற்றியது கண்ணில் பட்டால்தான் அடுத்த தடவை கனமான பதில் வரும்.

மேனேஜரிடம்: "எதுக்கு முன்னுரிமை?" என்றால் "எல்லாத்துக்கும்" என்பார். "இந்த வாரம் டெஸ்பாட்ச், ரீவொர்க் ரெண்டுல ஒண்ணுதான் முழுசா முடியும்னா எது?" என்று கேட்டு வந்த பதிலை அன்றே அவருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரியாக அனுப்பிவிடுங்கள்.

---

மூன்றாம்ஷிப்ட்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. ஆஃப்செட் கட்டம் எங்கள் ஷீட்டிலும் இல்லை, இப்போதுதான் போய்ப் பார்த்தேன்.

ஒரு சந்தேகம். யாரைக் கேட்டாலும் மூத்த செட்டர் அண்ணன்தான் முந்திக்கொண்டு பதில் சொல்கிறார். பெரும்பாலும் சரியாகத்தான் சொல்கிறார். ஆனால் மற்றவர்கள் பேசுவதே இல்லை. அவர் மனம் நோகாமல் இதை எப்படி மாற்றுவது?

---

கடைசல்பட்டறை:

அவரை அடக்கப் பாக்காதீங்க, வேற வேலை குடுங்க. தனியாப் பாத்து, "அண்ணே, பசங்க உங்களைப் பாத்துட்டு யோசிக்கறதை விட்டுட்டாங்க. அவங்க சொல்றதுல எது தப்பு, எது விட்டுப்போச்சுன்னு நீங்க கடைசியாச் சொன்னீங்கன்னா எனக்கு உதவியா இருக்கும்"னு கேளுங்க. கடைசி வார்த்தை அவருதுன்னு ஆயிட்டா முந்திக்க வேண்டிய அவசியம் போயிரும். மீட்டிங்ல கேள்வியைப் பொதுவா விடாம "ரெண்டாம் மெஷின்"னு மெஷினைச் சொல்லிக் கேளுங்க, அந்த மெஷின்காரர்தான் பேச முடியும்.

அப்புறம் டொயோட்டா பாணியில மேற்பார்வையாளர் கேக்கற அஞ்சு கேள்வி இருக்கு. அதை ஒரு சின்ன அட்டையில எழுதி அவர் கையிலயே குடுத்துருங்க, ஒரு பையனுக்கு ஒரு மாசம் அவரே தினமும் மெஷின்கிட்ட நின்னு கேக்கட்டும்:

எங்க போய்ச் சேரணும்?
இப்ப எங்க இருக்கோம்?
எது தடுக்குது, அதுல எதை இப்ப எடுத்திருக்கே?
அடுத்து என்ன பண்ணப்போறே, என்ன ஆகும்னு நினைக்கறே?
அதுல என்ன தெரிஞ்சுதுன்னு எப்ப வந்து பாக்கலாம்?

"எப்ப"ங்கறதுக்கு "நாளைக்கு"ன்னு வரணும். "அடுத்த வாரம்"னு வந்தா எடுத்த படி பெருசு, அதைச் சின்னதா உடைக்கச் சொல்லுங்க. அவருக்கு வாயில வர்ற பதிலை அடக்கிக்கறது முதல் வாரம் கஷ்டமாத்தான் இருக்கும். அட்டையில இருக்கறதைத் தவிர வேற எதுவும் பேசக்கூடாதுன்னு ஒரே விதி வெச்சுக்கச் சொல்லுங்க. பையன் தப்பாச் செய்யப்போறான்னு தெரிஞ்சாலும், பீஸ் மட்டும்தான் போகும், ஆளுக்கோ மெஷினுக்கோ ஆபத்தில்லைன்னா ஒரு பீஸ் போக விடலாம்.